சுவத்துக்குள்ள கேட்ட வளையல்

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபீஸ் நண்பர்கள் ஏழு பேரு வாராவாரம் ஒரு பேய்ப்படமோ த்ரில்லரோ பாத்துட்டு வாட்ஸப் குரூப்ல பத்துக்கு எவ்ளோன்னு மார்க் போடுவோம். போன மாசம் மலையாளப் படம் பிரம்மயுகம், அதுக்கப்புறம் பூதகாலம், அதுவும் மலையாளம். எல்லாரும் ஆஹா ஓஹோங்கறாங்க, எனக்கு ரெண்டுமே பயமா இல்ல. பூதகாலத்துல முதல் ஒரு மணி நேரம் ஒண்ணுமே நடக்கல, மெட்ரோல போகும்போது 1.5 ஸ்பீடுல வச்சு தான் முடிச்சேன். நாலு மார்க் போட்டேன். குரூப்ல ஒரு பொண்ணு மட்டும் ஒம்போது போட்டு, ரெண்டு நாள் லைட்ட அணைக்காம படுத்தேன்னு சொன்னா. எல்லாரும் சேந்து ஓட்டினோம், அவ குரூப்ப விட்டே போயிட்டா. என் கேள்வி இது தான். தமிழ்ல ஏன் மலையாளம் அளவுக்கு நல்ல ஹாரர் வரல? அப்புறம் உண்மையிலேயே பயமுறுத்துற மாதிரி அஞ்சு படம் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகன் (பேர் வேண்டாம்க்கா)

*

தம்பி,

உங்க கடிதத்த மூணு தடவ படிச்சேன். அஞ்சு படம் கேட்டதுக்காக இல்ல, நடுவுல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அந்தப் பொண்ணு குரூப்ப விட்டு போயிட்டான்னு, அதுலயே நின்னுட்டேன். கொஞ்ச நாளாவே எனக்கு எங்க அத்தை நெனப்பு தான், அவங்க படம் சொல்ற விதம் பத்தி எழுதணும்னு நெனச்சு நெனச்சு தள்ளிப் போட்டுகிட்டே இருந்தேன், உங்க கடிதம் வந்து உக்கார வச்சிருச்சு.

தமிழா மலையாளமாங்கற கேள்விய நான் எடுத்துக்கல. 1954லயே எஸ். பாலசந்தர் ஒரு பாட்டு கூட இல்லாம அந்த நாள் எடுத்த ஊரு இது. 1978ல சிகப்பு ரோஜாக்கள், 1980ல மூடுபனி, 2018ல ராட்சசன். நடுவுல காஞ்சனா ஓடின ஓட்டத்துல பேய்னாலே சிரிப்புன்னு கொஞ்ச வருஷம் போச்சு, அதுவும் ஒரு வகை, ஜனங்க குடும்பமா போய் பாத்தாங்க, அதுல எனக்கு வருத்தம் இல்ல. இதுக்கு மேல இதப் பேசறதுல ஒண்ணும் கெடைக்காது.

ஆனா அந்த 1.5 ஸ்பீடு இருக்கே, அத விட மாட்டேன். பிரம்மயுகத்துல என்ன நடக்குது? தேவன்னு ஒரு பாணன், தப்பிச்சு வந்த பாட்டுக்காரன், காட்டுக்குள்ள ஒரு இடிஞ்ச மனையில போய் மாட்டிக்கிறான். அந்த மனைக்குச் சொந்தக்காரரா இருக்கற போத்தி அவன பகடையாடக் கூப்பிடுறாரு. பணயம் வைக்க அவன்கிட்ட ஒண்ணும் இல்ல, அதனால அவனோட காலத்தையே வைக்கச் சொல்லுறாரு. அவன் தோக்கறான். அதுக்கப்புறம் வந்து எத்தன நாளாச்சுன்னு அவனுக்கே தெரியாமப் போகுது. மழ, இருட்டு, மறுபடி மழ. கறுப்பு வெள்ளையில எடுத்ததே பகலும் ராத்திரியும் ஒண்ணோட ஒண்ணு கரைஞ்சு போறத நாம உணரணும்னு தான்னு எனக்கு தோணுது. ஒரு மனுஷன் தன்னோட காலத்தப் பறிகொடுக்கற படம் அது. அதையும் நீங்க ஸ்பீடு ஏத்தி தான் பாத்தீங்களா இல்லையான்னு எழுதல, பாத்திருந்தீங்கன்னா தயவுசெஞ்சு இன்னொரு தடவ மொதல்லருந்து பாருங்க.

பூதகாலத்துல ஒண்ணுமே நடக்கலன்னு எழுதினீங்களே, அத படிச்சதும் எனக்கு உண்மையிலேயே கோவம் வந்துச்சு தம்பி. ஒண்ணுமே நடக்கலையா? படுத்த படுக்கையா கெடந்த பாட்டி செத்துப் போறா. மனச்சோர்வு நோயோட போராடுற ஒரு அம்மா, அது ரேவதி. படிச்சும் வேல கெடைக்காத மகன், அது ஷேன் நிகம். ஒரு வாடக வீடு. ஒரே வீட்டுக்குள்ள இருந்துகிட்டு ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தாங்க முடியாம கெடக்காங்க. மகன் ராத்திரியில சத்தம் கேக்குதுங்கறான், அவன் குடிக்கறான் அதனால உளர்றான்னு முடிவு கட்டிடறாங்க. அம்மாவுக்கும் கேக்குது, அவ வெளிய சொல்ல மாட்டேங்கறா, சொன்னா நோய் முத்திருச்சும்பாங்களோன்னு அவளுக்கு பயம்னு தான் நான் எடுத்துக்கிட்டேன். இது ஒண்ணுமே இல்லையா உங்களுக்கு? கதவு படார்னு சாத்தினா தான் நடந்ததா கணக்கா? டைரக்டர் ராகுல் சதாசிவன் அந்த ஒரு மணி நேரத்த வேணும்னே தான் வச்சிருக்காரு, அந்த வீட்டுக்குள்ள நம்ம வீடு தெரியணும்னு. எனக்கு தெரிஞ்சுது. பாட்டியோட அந்தக் கட்டில பாத்ததும் நான் நிறுத்திட்டு எந்திரிச்சு வாசல்ல போய் நின்னேன், எங்க அம்மா கடைசி எட்டு மாசம் கெடந்த கட்டில இன்னும் நாங்க யாருக்கும் குடுக்கல, பின்கட்டுல தான் கெடக்கு.

பாத்தீங்களா, இத சொல்ல எனக்கே கொஞ்சம் கஷ்டமா தான் இருக்கு. ஆனா ஒரு பேய்ப்படத்தப் பத்தி கருத்து சொல்றதுன்னா எனக்கு தெரிஞ்சு இது தான், எங்க பயந்தேன், ஏன் அங்க பயந்தேன். "பயமா இல்ல, நாலு மார்க்" அப்படிங்கறதுல படமும் இல்ல, நீங்களும் இல்ல.

இப்ப அத்தை.

எங்க ஊரு தாமிரபரணிக் கரையில, வீட்டுக்கு வீடு பீடி சுத்துவாங்க. எங்க வீட்டுத் திண்ணையில மத்தியானம் ஆறேழு பொம்பளைங்க மடியில சொளவ வச்சுகிட்டு உக்காந்துருப்பாங்க, ஊறப்போட்ட இலை வாசமும் தூள் நெடியும் எங்க பாவாடையில கூட இருக்கும். இலைய வெட்டி, தூள வச்சு, உருட்டி, நூல் சுத்தி, இருபத்தஞ்சு சேந்ததும் ஒரு கட்டு. அந்தக் கூட்டத்துல படம் பாத்துட்டு வந்து சொல்ற ஆளு எங்க அத்தை, அப்பாவோட தங்கச்சி. இருபத்தாறு வயசுல தாலியறுத்துட்டு எங்க வீட்டோட வந்துட்டாங்க. அறுத்தவ கொட்டகைக்குப் போறான்னு பேச்சு வரும்னு எங்க அம்மா தான் ஒவ்வொரு தடவையும் துணைக்குப் போவாங்க, ஆசைய மறைச்சுகிட்டு "எனக்குத் தான் பாக்கணும்"னு அப்பாகிட்ட சொல்லிட்டு.

நூறாவது நாள் 1984ல வந்த படம், எங்க ஊரு டூரிங் கொட்டகைக்கு வர எப்படியும் ஒரு வருஷம் ஆயிருக்கும், எனக்கு எட்டு வயசு. என்ன கூட்டிட்டுப் போகல. மறுநாள் திண்ணையில அத்தை சொன்னாங்க. ஒரு பொண்ணு, நளினி. நடக்கப் போற கொலை அவ கண்ணுக்கு முன்னாலயே தெரியுது. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்காங்க. கல்யாணம் ஆகிப் போற வீட்டுல ஒரு சுவரு, அந்தச் சுவத்துக்குள்ள ஒரு பொணம். மொட்டத்தலையும் வட்டக் கண்ணாடியும் சிவப்பு கோட்டுமா சத்யராஜ் வந்து நிக்கறத அத்தை சொன்னப்போ எனக்கு அந்த ஆளு திண்ணைக்குக் கீழ நிக்கற மாதிரி இருந்துச்சு.

"ஏட்டி, அவ ராத்திரி எந்திரிச்சு போயி அந்தச் சுவத்துல காத வச்சுக் கேக்கா. உள்ள..." அப்படின்னு நிறுத்திட்டு பீடிய எண்ண ஆரம்பிப்பாங்க. இருபது, இருபத்தொண்ணு. ஒருத்தரும் மூச்சு விட மாட்டாங்க. இருபத்தஞ்சு எண்ணி, கட்டி, ஓரமா வச்சுட்டு, அடுத்த இலைய எடுத்துகிட்டு தான் "உள்ள வளையல் சத்தம் கேக்கு"ன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுச் சுவத்துல நான் காத வைக்கவே இல்ல, கைய கூட வைக்கல, பாய நடுவுல இழுத்துப் போட்டு அம்மா பக்கத்துல ஒடுங்கிக் கெடந்தேன்.

காலேஜ் படிக்கும்போது டிவில அந்தப் படத்தப் போட்டாங்க. ஹாஸ்டல்ல நாப்பது பேரோட உக்காந்து பாத்தேன். மணிவண்ணன் நல்லா தான் எடுத்திருந்தாரு, இளையராஜா சத்தம் இப்பவும் தூக்கிப் போடுது, சத்யராஜ் அத்தை சொன்ன மாதிரியே இருந்தாரு. சுவரு வந்துச்சு. நான் வளையலுக்காகக் காத்துகிட்டே இருந்தேன். வரல. அப்படி ஒரு சீனே இல்ல. படம் முடிஞ்சப்புறம் நடுவுல எங்கயாவது விட்டுட்டேனோன்னு பக்கத்துல இருந்தவள கேட்டேன், அவ என்ன ஒரு மாதிரி பாத்தா.

ரொம்ப வருஷம் நான் அத அத்தையோட கற்பனைன்னு தான் நெனச்சுகிட்டு இருந்தேன், நல்லா இட்டுக்கட்டியிருக்காங்கன்னு. எங்க அம்மா போன வருஷம் போனதுக்கப்புறம் தான் ஒரு விஷயம் தெரிஞ்சுது. பதினாறு அன்னிக்கு அத்தை சும்மா பேசிகிட்டு இருக்கும்போது சொன்னாங்க. மாமா செத்த வீட்டுல அவங்கள ஒரு உள்ரூம்ல உக்கார வச்சு ரெண்டு கையையும் ஒண்ணா சேத்து வளையல ஒடச்சிருக்காங்க. கை நெறைய கண்ணாடி வளையல். அது ஒடஞ்ச சத்தம் அந்த ரூமு சுவத்துல பட்டு திரும்பி வந்துச்சாம், அதுக்கப்புறம் அந்த வீட்ட விட்டு வர்ற வரைக்கும் ராத்திரியெல்லாம் அந்தச் சுவத்துலருந்து கேட்டுகிட்டே இருந்துச்சுன்னாங்க. இத அவங்க அழுதுகிட்டெல்லாம் சொல்லல, வெத்தலைக்கு சுண்ணாம்பு தடவிகிட்டே சொன்னாங்க.

அந்தத் திண்ணையில உக்காந்திருந்த ஆறேழு பேருல ரெண்டு பேரு அறுத்தவங்க. அவங்களுக்கு அன்னிக்கே புரிஞ்சிருக்கும்னு இப்ப தோணுது. எனக்கு தான் முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. படத்துல இருந்தது சுவரு மட்டும் தான், அதுக்குள்ள அத்தை தன்னோட வளையல வச்சு எங்க எல்லாருக்கும் குடுத்திருக்காங்க. "பயந்தீங்களா"ன்னு யாராவது ஓட்டியிருந்தா அவங்க சொல்லியிருப்பாங்களா? ஒருத்தரும் ஓட்டல. பீடிய சுத்திகிட்டே கேட்டாங்க, ஒருத்தி மட்டும் "பொறவு?"ன்னா.

உங்க குரூப்ல அந்தப் பொண்ணு என்ன சொல்ல வந்தான்னு உங்க ஏழு பேருல ஆறு பேருக்கு தெரியாது. லைட்டப் போட்டுகிட்டு ரெண்டு நாள் படுத்தேன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கா. அது சின்ன விஷயமா? வீட்டுல வேற யாரு இருக்கா, அந்த வீடு எப்பேர்ப்பட்ட வீடு, ஏதாவது தெரியுமா உங்களுக்கு? பேய்ப்படம் பாக்குறதே பயப்படுறதுக்குத் தான், பயந்தவள கேலி பண்ணிட்டு பயப்படாதவன் பெருமையா மார்க் போடுறான்னா அது என்ன கூட்டம் தம்பி? பயமே வரலைன்னா அதுல பெருமைப்பட என்ன இருக்கு? பசிக்கலைன்னு ஒருத்தன் பெருமையா சொன்னா உடம்புக்கு என்னன்னு தான கேப்போம்.

கோவத்துல கொஞ்சம் கூட சொல்லிட்டேன். நீங்க அந்த வரிய எழுதினதே உள்ள உறுத்துனதால தான், இல்லைன்னா அத எனக்கு எழுதியிருக்கவே வேண்டாம். அது எனக்கு புரியுது.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ அத்தைக்கு நான் பூதகாலம் சொன்னேன். அவங்களுக்கு இப்ப கண்ணு சரியா தெரியல, ஆபரேஷன் பண்ணியும் ஒரு கண்ணு மங்கல் தான், டிவி பாக்கறத விட்டுட்டாங்க. பக்கத்துல படுத்துகிட்டு முழுசா சொன்னேன், அவசரப்படாம, அந்த முதல் ஒரு மணி நேரத்தையும் சேத்து தான். பேய் வர்ற எடத்துல ஒண்ணும் கேக்கல. அதுக்கு ரொம்ப முன்னாடியே, பாட்டி செத்தப்புறம் அம்மாவும் மகனும் பேசிக்காம இருக்கற எடத்துல நிறுத்தி, "அந்தப் பிள்ள சாப்பிட்டானாட்டி?"ன்னு கேட்டாங்க. சொல்லி முடிச்சு நான் எந்திரிச்சு சுவிட்ச் பக்கம் போனப்போ, "லைட்டு கெடக்கட்டும்"ன்னாங்க.

அஞ்சு படமெல்லாம் இப்ப வேண்டாம். மூடுபனி பாருங்க, பாலு மகேந்திரா எடுத்தது, இளையராஜாவுக்கு நூறாவது படம், கொலைகாரன் மேல நமக்கு எப்ப எரக்கம் வந்துச்சுன்னே தெரியாது. அப்புறம் பூதகாலத்த இன்னொரு தடவ, வீட்டுல, ராத்திரி, ஸ்பீட மாத்தாம. அதுக்கும் முன்னாடி அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போடுங்க, மெசேஜ் வேண்டாம். மன்னிப்பு கேட்டுட்டு, எந்த எடம் வந்தப்போ லைட்ட போட்டன்னு கேளுங்க. அவ சொல்ல ஆரம்பிச்சா நடுவுல பேசாதீங்க.

அன்புடன்,
அக்கா