தாந்தெஸின் கையில் வாள் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

2002இல் கெவின் ரெனால்ட்ஸ் இயக்கிய ‘மான்டி கிறிஸ்டோ பிரபு’ படத்தைக் கல்லூரி நாட்களில் பலமுறை பார்த்திருக்கிறேன். அதன் மூலமான, பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவின் நாவலைச் சென்ற மாதம்தான் வாசித்தேன். படத்தில், பொய்க் குற்றச்சாட்டில் சிறைப்பட்டு மீண்ட எட்மண்ட் தாந்தெஸ், துரோகியான ஃபெர்னாண்டை வாளால் வீழ்த்தி, அவனை மணந்திருந்த தன் பழைய காதலி மெர்சிடிஸுடனும் மகன் ஆல்பெர்ட்டுடனும் சேர்கிறான். நாவலில் இவை எதுவும் இல்லை. படம் கதையைச் செம்மைப்படுத்தியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தப் படத்தை நானும் விரும்பிப் பார்த்தவன்தான். தாந்தெஸின் சிறைத் தோழரான பாதிரியார் ஃபாரியாவாக வரும் ரிச்சர்ட் ஹாரிஸை இன்னும் மறக்கவில்லை. ஆனால் நீங்கள் செம்மை என்பதை நான் இழப்பு என்பேன்.

நாவலில் தாந்தெஸ் தன்னைச் சிறைக்கு அனுப்பிய மூவரில் ஒருவரையும் தன் கையால் கொல்வதில்லை. ஒவ்வொருவரிடமும் உள்ள பேராசையையோ மறைத்துவைத்த குற்றத்தையோ கண்டறிந்து, அதனாலேயே அவர்கள் வீழும்படி செய்கிறான். யானினாவின் ஆட்சியாளர் அலி பாஷாவைக் காட்டிக்கொடுத்து, அவருடைய மனைவியையும் மகளையும் அடிமைகளாக விற்றவன் ஃபெர்னாண்ட் என்பதை, அந்த மகள் ஹைடியே பிரபுக்கள் அவைக்கு வந்து சாட்சி சொல்கிறாள். பிறகு மனைவியும் மகனும் வீட்டைவிட்டு வெளியேறுவதைக் கண்ட ஃபெர்னாண்ட் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான். 2002ஆம் ஆண்டுப் படத்தில் ஹைடி இல்லை. எனவே ஒரு தேசத்துக்கு இழைத்த துரோகம் இரு நண்பர்களின் பகையாகச் சுருங்கி, அதற்கு வாட்போரே போதுமான தீர்ப்பாகிவிடுகிறது. (2024இல் வந்த பிரெஞ்சுப் படத்தில் ஹைடி இருக்கிறாள்; அதையும் பாருங்கள்.)

ஆல்பெர்ட்டைத் தாந்தெஸின் மகனாக்கியது இதைவிடப் பெரிய பிழை. நாவலில் அவன் எதிரியின் மகன். தந்தையின் மானத்துக்காகச் சண்டைக்கு அழைத்த அவனைக் கொல்லத் தாந்தெஸ் முடிவுசெய்திருந்த இரவில், மெர்சிடிஸ் வந்து, எட்மண்ட் என்று பெயர் சொல்லி அழைத்து மன்றாடுகிறாள். மறுநாள் காலையில் சாகப்போவது தான்தான் என்று தெரிந்தே அவன் இணங்குகிறான். பகைவனின் பிள்ளைக்காகத் தன் உயிரைக் கொடுக்கத் துணிவதும் சொந்தப் பிள்ளையைக் காப்பதும் ஒன்றாகுமா?

அந்த மூவரில் இன்னொருவனான வில்ஃபோரின் மகன், சிறுவன் எதுவார், தாயே கொடுத்த நஞ்சால் இறந்துகிடக்கிறான். நஞ்சுகளைப் பற்றி அந்தத் தாயிடம் பேசியவன் தாந்தெஸ். சிறுவனை உயிர்ப்பிக்க முயன்று தோற்று, தனக்குரிய எல்லையை மீறிவிட்டதாக தாந்தெஸ் கலங்கும் பக்கங்களை அடியோடு தவிர்த்துவிட்ட படத்தில், அவன் மெர்சிடிஸுடன் எளிதாகச் சேர்ந்துவிட முடிகிறது. நாவலின் மெர்சிடிஸ் மார்சேயில், தாந்தெஸின் தந்தை பசியால் இறந்த அதே வீட்டில் தனியாக வாழ்கிறாள். அவளிடம் விடைபெற அவன் அங்கே வரும் அத்தியாயத்தை மட்டுமாவது இன்னொரு முறை வாசியுங்கள்.