வாவிச் சேறும் செவ்வாய்க் களிக்கல்லும்: வாசகர் கேள்வி-பதில்

கண்டல் மரத்தடியில் கால் வைத்தால் கறுப்புச் சேறும் கெட்ட மணமும் வருகிறது. செவ்வாயிலும் இப்படியொரு சேற்றில் உயிரின் அடையாளம் இருக்கிறதாமே, உண்மையா? (உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி)

பொருத்தமான ஒப்பீடு. மட்டக்களப்பு வாவியின் அடிச்சேற்றில் ஒட்சிசன் இறங்காது. அங்குள்ள பக்டீரியாக்கள் அதற்குப் பதிலாக உப்புநீரிலுள்ள சல்பேற்றை வைத்துக்கொண்டு உக்கிய இலைகுழைகளைத் தின்கின்றன. கழிவாக வரும் ஐதரசன் சல்பைட்டுதான் அந்த அழுகிய முட்டை மணம். அது சேற்றின் இரும்போடு சேர்ந்ததும் கறுப்பு இரும்புச் சல்பைட்டு ஆகிறது.

நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தி 2021 பெப்ரவரி 18இல் செவ்வாயின் ஜெசேரோ பள்ளத்தில் இறங்கியது. 45 கிலோமீற்றர் அகலமான அந்தப் பள்ளம் ஒரு காலத்தில் ஏரி. அதற்கு நீர் கொண்டுவந்த பழைய ஆற்றுத்தடத்தில் 2024 ஜூலையில் 'செயாவா ஃபோல்ஸ்' என்ற களிக்கல் அகப்பட்டது. அதில் மில்லிமீற்றர் அளவில், கறுத்த விளிம்போடு, சிறுத்தைத் தோல் போலப் புள்ளிகள். அவற்றில் விவியனைட் என்ற இரும்புப் பொசுபேற்றும் கிரெய்கைட் என்ற இரும்புச் சல்பைட்டும் இருப்பதாக 2025 செப்டம்பரில் வெளியான ஆய்வு சொன்னது. கல்லில் சேதனக் காபனும் உண்டு. உயிரின் உதவியில்லாமல் சல்பேற்றிலிருந்து சல்பைட்டு உண்டாக வேண்டுமானால் 150 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். இந்தக் கல்லில் அப்படி வெந்த அடையாளம் இல்லை. வலுவான தடயம்தான், ஆனால் தீர்ப்பு அல்ல. சேதனப் பொருட்கள் தாமாகவே இரும்பைத் தாழ்த்தும் (இலத்திரன் கொடுத்து மாற்றும்) வழிகளும் உண்டு. சந்தேகத்தைத் தீர்க்கக் கூடிய மாதிரி, விரல் தடிப்பில் குடைந்தெடுத்து குழாயில் அடைத்தபடி, இன்னும் செவ்வாயிலேயே கிடக்கிறது. அதைப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டமோ காசுப் பிரச்சினையில் முடங்கிவிட்டது.

எங்கள் வட்டையில் தண்ணீர் கட்டினால் மீத்தேன் வருகிறது என்கிறார்கள். செவ்வாயிலும் மீத்தேன் என்றால் அங்கே உயிர் இருக்கத்தானே வேண்டும்? (வேளாண்மை செய்பவர், சம்மாந்துறை)

வேண்டியதில்லை. வயலில் மீத்தேன் விடுபவை காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணங்கிகள். ஆனால் ஒலிவீன் என்ற கனிமம் சுடுநீரோடு தாக்கமுற்றால் ஐதரசன் வரும். அது காபனீரொட்சைட்டோடு சேர்ந்தும் மீத்தேன் உருவாகும். அங்கே நுண்ணங்கிக்கு வேலையே இல்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கேல் பள்ளத்தில் கியூரியோசிற்றி ஊர்தி அளந்தது வழக்கமாக நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. 2019 ஜூனில் ஒருமுறை 21 பங்கு. மேலே சுற்றும் ஐரோப்பியக் கலமோ 0.05 பங்குகூட இல்லை என்கிறது. கியூரியோசிற்றி பெரும்பாலும் காற்று அசையாத இரவில் அளந்தது, அதனால் தரையோடு தேங்கிய வாயு அகப்பட்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எங்களுக்கு அது பாதித் திருப்திதான்: நாளும் கசிந்தால் காற்றெங்கும் பரவிச் சேர்ந்திருக்க வேண்டும்.

செவ்வாயில் தண்ணீர் ஏன் நிற்காது என்று தரம் 9 பிள்ளைகளுக்குச் செய்து காட்ட வழியுண்டா? (ஆசிரியர், கல்முனை)

பாமசியில் 20 மில்லிலீற்றர் சிரிஞ்சு ஒன்று வாங்குங்கள், ஊசி வேண்டாம். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, 60 பாகை வரை ஆறவிட்டு, 5 மில்லிலீற்றர் உறிஞ்சுங்கள். வாயை மேலே பிடித்துக் காற்று முழுவதையும் தள்ளிவிட்டு, விரலால் இறுக்கி மூடி, தண்டை இழுங்கள். உள்ளே தண்ணீர் கொதிக்கும். விட்டதும் அடங்கும்.

இரண்டு இடங்களில் பிழைக்கும். கொதிக்கவைக்காத குழாய்த் தண்ணீரில் வருவது பெரும்பாலும் கரைந்த காற்றின் குமிழ். பிள்ளைகள் அதையே கொதிப்பென்று நினைப்பார்கள். உள்ளே காற்று மிஞ்சினால் அது விரிந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அமுக்கம் போதிய அளவு இறங்காது. இழுக்கச் சுமார் 2.5 கிலோ தூக்கும் பலம் தேவை, ஆகவே பெரியவர் இழுப்பது நல்லது. செவ்வாயின் சராசரி அமுக்கம் சுமார் 6 மில்லிபார், நமது தரையில் 1013. 6 மில்லிபாரில் தண்ணீர் 0 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். ஆதலால் பனிக்கட்டி திரவமாகாமல் நேரே ஆவியாகிறது. 2008இல் பீனிக்ஸ் தரையிறங்கி தோண்டிய குழியில் வெள்ளைக் கட்டிகள் சில நாட்களில் காணாமல் போனதும் இதனால்தான்.

உப்புத் தண்ணீர் குளிரில் உறையாதே, அதில் உயிர் இருக்கலாமே? (வாழைச்சேனை)

செவ்வாய் மண்ணிலுள்ள பேர்குளோரேற்று உப்புகள் மைனஸ் 70 பாகைக்கு அருகிலும் தண்ணீரை உறையவிடாதவை. ஆனால் கருவாட்டை நினைத்துப் பாருங்கள். அதில் ஈரம் இருந்தும் கெடாதது, உப்பு அந்த ஈரத்தை நுண்ணங்கிக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொள்வதால்தான். அங்கும் அதே கதை.

உழும்போது பாரமான கறுத்த கல் ஒன்று கிடைத்தது. விண்கல்லா? (நாவிதன்வெளி)

அநேகமாக இல்லை, ஆனாலும் கழுவாமல் பாருங்கள். நூலில் தொங்கவிட்ட காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். பெரும்பாலான விண்கற்கள் இழுக்கும். பலமான காந்தத்தைக் கல்லில் ஒட்டவேண்டாம், அது கல்லுக்குள் பதிந்திருக்கும் பழைய காந்தப் பதிவை அழித்துவிடும். பிறகு தரை ஓட்டின் மினுக்கமில்லாத பின்பக்கத்தில் தேயுங்கள். செங்கல் நிறக் கோடு என்றால் ஏமதைற்று, கறுப்பென்றால் மக்னதைற்று. இரண்டும் இரும்புத் தாதுக்கள், நம்மூர்ச் சரக்கு. சாதாரண விண்கல் கோடு விடாது. குமிழ்த் துளைகள் இருந்தாலும் ஆசையை விடுங்கள். கடைசியில்தான் தண்ணீர்: காற்றில் 350 கிராம், நூலில் கட்டி நீருக்குள் அமிழ்த்தினால் 250 கிராம் என்றால் அடர்த்தி 3.5, சாதாரண விண்கல் 3.3க்கும் 3.7க்கும் இடையில் நிற்கும். நமது கருங்கல் 2.7 அளவில்.

2012 டிசம்பரில் பொலன்னறுவையில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கற்களில் தயற்றம் என்ற நன்னீர்ப் பாசி இருப்பதாகச் சில ஆய்வாளர்கள் அறிவித்து, பின்னர் பெரும் கண்டனத்துக்கு ஆளானார்கள். தரையில் கிடந்த துளைக்கல்லுக்குள் ஈரமண்ணிலிருந்து பாசி ஏறுவது அதிசயமில்லை.

செவ்வாயின் பனித்தொப்பியை இங்கிருந்து பார்க்கலாமா? (காத்தான்குடி)

2027 பெப்ரவரி 19ஐ ஒட்டி. மாரி முகில் பெரும்பாலும் கலைந்திருக்கும், நள்ளிரவில் கோள் உச்சிக்கு அருகே நிற்கும். 6 அங்குலத் தொலைநோக்கியை அரை மணித்தியாலம் வெளியே குளிரவிட்டு, 150 மடங்கு வைத்துப் பாருங்கள். வட துருவத்தில் ஊசிமுனை வெள்ளை. தகரக் கூரைக்கு மேலாகப் பார்க்காதீர்கள். பகல் சூடு எழும்பிப் படம் கொதிக்கும்.