பையைக் கடைசியில் வாங்குங்கள்

மலையேற்றம்: வாசகர் கேள்வி - பதில்

(கோவையில் மலையேற்றப் பொருட்களை வாடகைக்குக் கொடுத்து, அவற்றைப் பழுதும் பார்த்து வருபவர், இந்த இதழில் முதுகுப்பை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் நவம்பரில் நேபாளத்தில் அன்னபூர்ணா பேஸ் கேம்ப் போகிறோம். எல்லோருக்கும் இதுதான் முதல் நீண்ட மலைப்பயணம். ஒரு நண்பர் 70 லிட்டர் ரக்சாக் வாங்கச் சொல்கிறார். யூடியூபில் பார்த்தால் ஃபிரேமே (பையை நிமிர்த்தி வைக்கும் முதுகுப் பக்கச் சட்டம்) இல்லாத 700 கிராம் பைதான் நல்லது என்கிறார்கள். எதை வாங்கலாம்?
- பின்னலாடைத் தொழில் செய்யும் வாசகர், திருப்பூர்

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் சேர்த்து முடித்த பிறகு, கடைசியாகப் பையை வாங்குங்கள். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பையை வாங்கிவிட்டு, அதற்குள் என்ன வைப்பது என்று யோசிக்கிறார்கள். பையின் அளவையும் அமைப்பையும் முடிவு செய்ய வேண்டியது உள்ளே போகும் சுமைதான்.

கொண்டுபோக நினைப்பதையெல்லாம் கட்டிலில் பரப்புங்கள். ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் வைத்து எடையை எழுதுங்கள். நீங்கள் போகும் பாதையில் ஒவ்வொரு ஊரிலும் தங்கும் விடுதி உண்டு, சாப்பாடும் அங்கேயே கிடைக்கும். கூடாரம், அடுப்பு, படுக்கைப் பாய் எதுவும் வேண்டாம். ஆனால் ஸ்லீப்பிங் பேக் வேண்டும். அக்டோபர், நவம்பரில் விடுதிகள் நிரம்பி வழியும், அங்கே தரும் கம்பளி எல்லோருக்கும் போதாது. பேஸ் கேம்ப் 4,130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவில் உறைபனிக் குளிர். இறகு நிரப்பிய ஸ்லீப்பிங் பேக் ஒரு கிலோ அல்லது சற்று மேலே வரும். இறகு ஜாக்கெட் 400 கிராம், மழைக்கோட்டு 300 கிராம், ஃபிளீஸ் மேல்சட்டை ஒன்று, குளிருக்கான தெர்மல் உள்ளாடை ஒரு ஜோடி, மாற்றுத்துணி ஒரு செட், காலுறை மூன்று ஜோடி, தொப்பி, கையுறை, நெற்றி விளக்கு, மருந்து, பவர் பேங்க். இதெல்லாம் சேர்ந்து 5 கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும். தண்ணீர் இரண்டு லிட்டர் என்றால் இரண்டு கிலோ. கொறிக்கக் கொஞ்சம். ஆக, பையின் எடையைச் சேர்க்காமலே ஏழரை, எட்டு கிலோ.

இந்தச் சுமைக்கு 40 முதல் 45 லிட்டர் போதும். ஃபிரேம் உள்ள, இடுப்புப் பட்டை நன்றாக உள்ள, ஒரு கிலோவிலிருந்து 1.3 கிலோ வரை எடையுள்ள பையைத் தேடுங்கள்.

700 கிராம் பை ஏன் வேண்டாம்? அந்த வீடியோக்களில் வருபவர்கள் பையைக் குறைப்பதற்கு முன்பே மற்ற எல்லாவற்றையும் குறைத்துவிட்டவர்கள். உணவும் தண்ணீரும் தவிர்த்து, பை உட்பட மொத்தமும் நாலரை கிலோவுக்குள் இருந்தால்தான் அல்ட்ராலைட் என்று அவர்கள் சொல்வார்கள். இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஃபிரேம் இல்லாத பையில் அவர்கள் படுக்கும் ஃபோம் பாயை மடித்து முதுகுப் பக்கம் செருகுவார்கள். பைக்கு முதுகெலும்பே அந்தப் பாய்தான். விடுதியில் தங்கும் உங்களிடம் பாய் இருக்காது. அப்போது பை தொளதொளவென்று மடங்கும், இடுப்புப் பட்டை பெயருக்குத்தான் இருக்கும், முழு எடையும் தோளில் தொங்கும். பையில் மிச்சம் பிடித்த அரைக் கிலோவுக்காகக் கழுத்து வலியோடு ஒரு வாரம் நடக்க வேண்டி வரும். அந்தப் பைகள் மோசமானவை அல்ல. உங்கள் சுமைக்கு அவை பொருந்தாது, அவ்வளவுதான்.

70 லிட்டர் பையின் சிக்கல் வேறு. அதுவே இரண்டு கிலோவைத் தொடும், அல்லது தாண்டும். இடம் காலியாக இருந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது வைத்து நிரப்பிவிடுவோம். வாடகைப் பை திரும்பி வரும்போது எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: 'எதைக் கடைசி வரை தொடவே இல்லை?' பதில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே வரும். இரண்டாவது ஜீன்ஸ், குளியல் துண்டு, பெரிய ஷாம்பு பாட்டில், நாலைந்து டீ சர்ட். ஜீன்ஸ் ஒன்று மட்டும் 600 கிராமுக்கு மேல், நனைந்தால் காயவும் காயாது. குளியல் துண்டுக்குப் பதில் நம் ஊர் ஈரிழைத் துண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மடித்தால் கைக்குள் அடங்கும், காற்றில் சீக்கிரம் காயும். குளிருக்குக் கழுத்தைச் சுற்றிக் கட்டவும் ஆகும். ஸ்டீல் தண்ணீர்ப் பாட்டிலையும் வீட்டிலேயே விடுங்கள்.

நீங்கள் போகும் பாதையில் சோம்ரோங் கிராமம் தாண்டியதும் கல்படிகளில் ஆற்றுக்கு இறங்கி, எதிர்ப்பக்கம் சினுவாவுக்கு ஏற வேண்டும். திரும்பும்போது அதே இறக்கம், அதே ஏற்றம். அந்தப் படிகளில் ஒரு கிலோ எவ்வளவு என்று முழங்கால் சொல்லும். அதனால்தான் இவ்வளவு தூரம் வற்புறுத்துகிறேன்.

துணியைப் பற்றித் திருப்பூர்க்காரருக்கு நான் அதிகம் சொல்ல வேண்டாம். 9,000 மீட்டர் நூலின் கிராம் எடைதான் டெனியர் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. லேசான பைகளில் 70, 100, 210 டெனியர் நைலான் வரும். கட்டம் கட்டமாகத் தடித்த நூல் ஓடும் ரிப்ஸ்டாப் நெசவாகப் பாருங்கள், கிழிசல் ஓரிடத்தில் விழுந்தாலும் பரவாது. பையின் அடிப்பகுதி மட்டும் மற்ற இடத்தைவிடத் தடித்த துணியாக இருக்க வேண்டும், பையை இறக்கி வைக்கும்போதெல்லாம் கல்லில் உரசுவது அதுதான்.

பழுதுக்கு வரும் லேசான பைகளில் துணி கிழிந்தது குறைவு. தோள் பட்டை பையோடு சேரும் மேல் தையல்தான் முதலில் விடுகிறது. நிறைந்த பையை ஒற்றைத் தோள் பட்டையைப் பிடித்துத் தூக்குவதுதான் காரணம். மேலே நடுவில் ஒரு வளையம் இருக்கும், அதைப் பிடித்துத் தூக்குங்கள். வாங்கும்போது அந்தத் தையலை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். குறுக்குத் தையல் போட்டு, துணிப் பட்டை வைத்து அடித்திருந்தால் நம்பி வாங்கலாம்.

கேள்வி: அம்மா, நான் ஐந்தடி உயரம். எந்தப் பை போட்டாலும் தோளும் கழுத்தும் வலிக்கின்றன. இடுப்புப் பட்டை வயிற்றுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. லேசான பை வாங்கினால் சரியாகுமா?
- பள்ளி ஆசிரியை, மதுரை

பதில்: நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கோளாறு எடையில் இல்லை, அளவில் இருக்கிறது. பட்டை வயிற்றுக்குக் கீழே இறங்குகிறது என்றால் பையின் முதுகு நீளம் உங்கள் முதுகைவிட அதிகம். எவ்வளவு லேசான பை வாங்கினாலும் இது தீராது.

உயரத்தை வைத்துப் பை வாங்கக் கூடாது. ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு முதுகு நீளம் வேறாக இருக்கும். வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். தலையைக் குனிந்தால் பின்கழுத்தின் அடியில் ஓர் எலும்பு புடைத்து நிற்கும், அங்கே டேப்பை வைக்க வேண்டும். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றினால் கட்டைவிரல்கள் பின்னால் வரும். இடுப்பு எலும்பின் மேல் விளிம்பில் கை உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்தால் அது முதுகெலும்பைத் தொடும் இடம் வரை அளக்க வேண்டும். என்னிடம் வரும் பெண்கள் பலருக்கு இது 40 சென்டிமீட்டரை ஒட்டியே வருகிறது. கடையில் ஒரே அளவு என்று மாட்டியிருக்கும் பை பலவும் அதைவிட நீளமான முதுகுக்குத் தைத்தது. எஸ், எம், எல் என்று முதுகு அளவில் வருவதை, அல்லது முதுகு நீளத்தை ஏற்றி இறக்கும் வசதியுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அந்த வசதிக்காக 200, 300 கிராம் கூடினாலும் நீங்கள் வாங்க வேண்டியது அதைத்தான். பெண்களுக்கென்று தைத்த பைகளில் தோள் பட்டைகள் கழுத்தை உரசாமல் வளைந்து வரும், இடுப்புப் பட்டையும் சாய்வாக இருக்கும். அதையும் போட்டுப் பாருங்கள்.

கடையில் வெறும் பையைப் போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எட்டு கிலோ வைத்துத் தரச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். முதலில் எல்லாப் பட்டைகளையும் தளர்த்துங்கள். இடுப்பு எலும்பின் மேல் விளிம்பு பட்டையின் நடுவில் வரும்படி வைத்து, இடுப்பை இறுக்குங்கள். அப்புறம் தோள். தோளுக்கு மேலே பையிலிருந்து வரும் சின்னப் பட்டைகளை லேசாக இழுங்கள், அவை சாய்வாக மேலேறி நிற்க வேண்டும். நெஞ்சுப் பட்டை கடைசியில், மூச்சு முட்டாத அளவுக்கு. இப்போது தோளுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரலை நுழைத்துப் பாருங்கள். சுலபமாகப் போனால் எடை இடுப்பில் இறங்கிவிட்டது என்று பொருள். அப்படியே இருபது நிமிடம் நடங்கள், படி இருந்தால் ஏறி இறங்குங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவன். அகத்தியர்கூடம் போக ஆசை. பைக்கு 2,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்ய முடியாது. லேசான பை எல்லாம் விலை அதிகமாக இருக்கிறதே?
- நாகர்கோவில்

பதில்: தம்பி, காசைப் பைக்குப் போடாதீர்கள். கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து ஏறி, அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் உச்சி போகும் பயணம் அது. காடும் புல்வெளியும் கடந்து 1,868 மீட்டர் உயரம். இமயமலைக் குளிர் கிடையாது. கல்லூரிக்குக் கொண்டுபோகும் 30 லிட்டர் பை உறுதியாக இருந்தால் அதுவே போதும். ஐந்து கிலோவுக்குள் சுமையை நிறுத்துங்கள். அவ்வளவு குறைந்த எடைக்கு ஃபிரேமோ தடித்த இடுப்புப் பட்டையோ தேவைப்படாது. இன்னும் பெரிய பயணம் என்றால் வாடகைக்கு எடுங்கள்.

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்று ஒரு பாட்டி இருந்தார். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். 1955-இல், தமது 67-ஆம் வயதில், 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். கான்வாஸ் ஷூ, ஒரு கம்பளி, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் திரை. எல்லாவற்றையும் தாமே தைத்த டெனிம் துணிப் பையில் போட்டு ஒரு தோளில் மாட்டிக்கொண்டார். அவர் பையில் இடுப்புப் பட்டையும் இல்லை, ஃபிரேமும் இல்லை. உள்ளே அதிகம் இல்லாததால் அந்தப் பை போதுமாக இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த மனுஷி அவர்.

மிச்சமாகும் காசில் நல்ல காலுறை வாங்குங்கள். மழை உறை வாங்க வேண்டாம். காற்றில் அது பறக்கும், முதுகு வழியாக வழியும் தண்ணீரைத் தடுக்காது. பைக்குள்ளே கனமான பாலித்தீன் பை ஒன்றைப் போட்டு, துணியையெல்லாம் அதற்குள் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். காட்டுக்குள் பிளாஸ்டிக் பற்றி வனத்துறைச் சோதனை இருக்கும். கேட்டால் காட்டுங்கள், திரும்பும்போது மறக்காமல் வெளியே கொண்டுவாருங்கள்.

கேள்வி: போர்ட்டர் வைத்துக்கொள்ளப் போகிறோம். அவர்தானே சுமக்கப் போகிறார், நாங்கள் ஏன் எடையைக் குறைக்க வேண்டும்?
- வாசகர், சேலம்

பதில்: அவர் சுமக்கிறார் என்பதாலேயே குறைக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு பேருக்கு ஒரு போர்ட்டர் என்றுதான் ஏற்பாடு. நேபாளத்தில் ஒருவர் தமது சொந்தப் பொருட்களையும் சேர்த்து 30 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று போர்ட்டர்களுக்காகப் பாடுபடும் அமைப்புகள் சொல்கின்றன. நீங்கள் இருவரும் ஆளுக்குப் பதினைந்து கிலோ கொடுத்தால் அவருடைய ஸ்வெட்டருக்கும் கம்பளிக்கும் எடையில் இடமே இல்லை. ஆளுக்குப் பத்து கிலோவைத் தாண்டாதீர்கள். நாம்லோ என்னும் நெற்றிப் பட்டையில் மாட்டி, தலையாலும் கழுத்தாலும் அவர்கள் சுமப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். கிளம்புவதற்கு முன் அவருக்கு ஜாக்கெட், கையுறை, நல்ல காலணி இருக்கின்றனவா, காப்பீடு உண்டா என்று ஏஜென்சியிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் கடமை. உங்கள் முதுகுக்கு 20, 25 லிட்டர் பை போதும். தண்ணீரும் மழைக்கோட்டும் கதகதப்பான உடை ஒன்றும் எப்போதும் உங்களிடமே இருக்கட்டும், போர்ட்டர் ஒரு மணி நேரம் முன்னால் போயிருப்பார்.

கேள்வி: பரணில் வைத்திருந்த பையின் உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, நாற்றமும் வருகிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?
- இல்லத்தரசி, சென்னை

பதில்: வேண்டாம். உள்ளே பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு ஈரக் காற்றில் சிதைந்திருக்கிறது. கடலோர ஊர்களில் இது சகஜம். பூச்சைத் திருப்பிக் கொண்டுவர முடியாது, ஆனால் துணி நன்றாகவே இருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தேய்த்து, உரிந்து வருவதை எடுத்துவிடுங்கள். முதலில் ஓர் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும், வாஷிங் மெஷினில் போடாதீர்கள். நிழலில் காயவிடுங்கள். மழை இனி உள்ளே இறங்கும், எனவே நாகர்கோவில் தம்பிக்குச் சொன்ன பாலித்தீன் பை உங்களுக்கும் வேண்டும். பரணுக்குப் பதில் அலமாரியில், ஜிப்பைத் திறந்தபடி, தொங்கவிட்டு வையுங்கள்.