கொடைக்கானல் பக்கம் ஜனவரியில் அப்பாவும் மகளும் மட்டும் இரண்டு நாள் கேம்ப் போக எப்படித் திட்டமிடுவது?

போகலாம், தாராளமாகப் போகலாம். மகளுக்கு 8 வயது, மதுரையிலிருந்து கிளம்புகிறீர்கள், சனி ஞாயிறு மட்டும்தான் நேரம், டென்ட்டில் தங்க ஆசை, மனைவி வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தெந்த இடம் பார்க்கலாம் என்றுதான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். நானும் மகளோடு தனியாக அந்தப் பக்கம் போய் வருகிறவன். என் கருத்து என்னவென்றால், பகலைப் பற்றி அவ்வளவு யோசிக்கத் தேவையில்லை, குழந்தைக்கு ஒரு புல்வெளி கிடைத்தாலே பகல் ஓடிவிடும். ஜனவரியில் மலையில் ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். மறுநாள் வெயில் உடம்பில் உறைக்கும்போது மணி ஏழைத் தாண்டியிருக்கும். நடுவில் இருக்கிற அந்த நீண்ட இரவைத்தான் திட்டமிட வேண்டும். எங்கே தூங்குவது, எப்போது சாப்பிடுவது, எட்டு மணிக்கு என்ன செய்வது, ராத்திரி பாத்ரூம் எவ்வளவு தூரம்: பயணம் இனிப்பதும் கசப்பதும் இதில்தான் இருக்கிறது.

முதலில் தேதி. நவம்பரும் டிசம்பர் முதல் பாதியும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை பழனி மலையை நன்றாகவே நனைக்கும், மலைப்பாதையில் மண் சரிவும் மரம் விழுவதும் அப்போது சகஜம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் விடுமுறைகளில் ஊரே மேலே ஏறிவிடும், வாடகையும் கூடவே ஏறும். பொங்கல் கூட்டம் இறங்கிய பிறகு, பிப்ரவரி தொடக்கம் வரைதான் நல்ல காலம். அதற்கப்புறம் புல் காய்ந்து காட்டுத்தீக் காலம் ஆரம்பித்துவிடும். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

இந்தச் சில வாரங்களுக்குள் அமாவாசையை ஒட்டிய சனி ஞாயிறு கிடைத்தால் அதையே பிடியுங்கள். இதில் இரண்டு லாபம். நிலா இல்லாத வானத்தில் நட்சத்திரம் நன்றாகத் தெரியும். அப்புறம், தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் பழனிப் பாதயாத்திரை நெரிசலிலும் மாட்ட மாட்டீர்கள். அந்த நாட்களில் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் சாலைகளில் காரை விட நடப்பவர்கள் வேகமாகப் போய்விடுவார்கள்.

அடுத்தது டென்ட். எனக்கு டென்ட் மேல் பெரிய மோகம் கிடையாது. கொடைக்கானலைச் சுற்றி டென்ட் என்று விளம்பரம் செய்கிற இடங்களில் பல, கல்லூரிப் பையன்கள் கூட்டமாக வந்து ஸ்பீக்கர் வைத்து ஆடுவதற்கானவை. அனுமதி இல்லாமல் போட்ட கூடாரங்களை அதிகாரிகள் அகற்றியதும் உண்டு. அதனால் முன்பதிவுக்கு முன் போன் போட்டுப் பேசுங்கள். அனுமதி இருக்கிறதா, ஒன்பது மணிக்கு மேல் பாட்டு போடுவார்களா, அன்று வேறு குடும்பங்கள் தங்குகிறார்களா, இரவு சாப்பாட்டை ஏழு மணிக்கே தர முடியுமா என்று கேளுங்கள். உங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி பாத்ரூம். பெண் குழந்தையோடு அப்பா தனியாகப் போகும்போது, பொதுக் கழிப்பறைக்கு இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு நடந்து போய், அவளை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நிற்பதெல்லாம் சங்கடம். என்னைக் கேட்டால், பாத்ரூம் சேர்ந்த சின்ன காட்டேஜ் எடுங்கள். முன்னால் இருக்கிற புல்வெளியில் ஒரு டென்ட் போட்டுத் தரச் சொல்லுங்கள். மாலை முழுக்க அவள் அதில் விளையாடட்டும், தூங்க மட்டும் உள்ளே வந்துவிடுங்கள். டென்ட்டில் இருந்தோம் என்ற பெருமைக்கு அதுவே போதும்.

டென்ட்டிலேயேதான் தூங்குவோம் என்று இருவரும் முடிவு செய்துவிட்டால், டென்ட் போடுகிற இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஏரிக்கரையில், பள்ளத்தில், கிண்ணம் மாதிரி இருக்கிற புல்வெளியின் அடியில் போட்ட டென்ட் போட்டோவில் அழகாக இருக்கும். ஆனால் மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை சூட்டை இழந்துகொண்டே இருக்கும், அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். உறைபனி முதலில் விழுவது அங்கேதான். சரிவில் கொஞ்சம் ஏறிப் போட்டாலே வித்தியாசம் தெரியும். ஜனவரி இரவில் ஊருக்குள் எட்டு, ஒன்பது டிகிரி என்று போனில் காட்டும். தெளிந்த இரவில் அதற்கும் கீழே இறங்கும். வானிலைக் கணக்கு தரையிலிருந்து நாலடி உயரத்துக் காற்றுக்குத்தான். தரையோடு ஒட்டிய குளிர் அதையும் விட அதிகம், உங்கள் மகள் படுக்கப் போவதும் தரையோடு ஒட்டித்தான்.

அதனால் மேலே போர்த்துவதை விடக் கீழே விரிப்பதில் கவனம் வையுங்கள். கேம்ப்பில் கொடுக்கிற மெல்லிய மெத்தை போதாது. யோகா பாய் இரண்டு, அதன் மேல் ஜமக்காளம், அதன் மேல் ஸ்லீப்பிங் பேக். சின்ன ஸ்டீல் பாட்டிலில் சூடான தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, பழைய சாக்ஸுக்குள் போட்டு அவள் கால்மாட்டில் வைத்துவிடுங்கள். படுக்கும்போது புது சாக்ஸ். பகலில் போட்டது வியர்வையில் ஈரமாகி இருக்கும், அதோடு படுத்தால் விடிய விடிய கால் சில்லிட்டுக்கிடக்கும். பனியனும் அப்படித்தான், ராத்திரிக்கு ஒன்று தனியாக எடுத்து வையுங்கள். பருமனான ஒரே ஜாக்கெட்டை விட, மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது, ஏனென்றால் மதிய வெயிலில் குழந்தைகள் ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். காதை மூடுகிற குல்லா அவசியம். எட்டு வயதில் மங்கி கேப் போடச் சொன்னால் மானப் பிரச்சினை ஆகிவிடும், அவளுக்குப் பிடித்த கலரில் அவளையே வாங்கச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எவ்வளவு குளிரினாலும் கரி அடுப்பையோ பார்பிக்யூ கணப்பையோ டென்ட்டுக்குள்ளோ அறைக்குள்ளோ கொண்டுவரக் கூடாது. நெருப்பு அணைந்த மாதிரி தெரிந்தாலும் கூடாது. கனிகிற கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கொடைக்கானலிலேயே இப்படி இறந்தவர்களைப் பற்றிச் செய்தி வந்திருக்கிறது. கேம்ப் ஆள் அன்பாகக் கொண்டுவந்து வைத்தாலும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

மலையேறுவது எளிது. சனிக்கிழமை விடிவதற்குள் கிளம்பினால் வத்தலக்குண்டு வழியாகப் பத்து மணிக்குள் மேலே போய்விடலாம். 2024 மே மாதத்திலிருந்து சொந்த வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் இ-பாஸ் வேண்டும், ஆன்லைனில் இலவசமாகவே எடுக்கலாம். அரசுப் பேருந்தில் போனால் அது தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகாதீர்கள், சோதனைச்சாவடியில் வாங்கிவிடுவார்கள். ஸ்டீல் பாட்டில்தான் எப்படியும் கால்மாட்டுக்கு வேண்டுமே. வாந்தி எடுக்கிற குழந்தை என்றால் வெறும் வயிற்றோடும் ஏற்றாதீர்கள், பொங்கல் வடை என்று நிரப்பியும் ஏற்றாதீர்கள். இரண்டு இட்லி போதும். போனைப் பிடுங்கிவிட்டு ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், வாயில் இஞ்சி மரப்பா. வாந்தி மாத்திரை தருவதாக இருந்தால் உங்கள் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். கொடைக்கானல் 7,000 அடிதான், இமயமலை போல உயரத்தால் வருகிற தலைவலி, மூச்சுத்திணறலுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். ஆனால் வீசிங் இருக்கிற குழந்தை என்றால் குளிர்காற்று அதைக் கிளப்பிவிடலாம். இன்ஹேலர் பையில் அல்ல, உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

தூண் பாறை, பைன் காடு, குணா குகை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். சனிக்கிழமை அங்கே போனால் பார்க்கிங்கில் நிற்பதற்கே நேரம் சரியாகப் போய்விடும். நேராகப் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போங்கள், கேம்ப்பையும் அந்தப் பக்கமே பாருங்கள். பூம்பாறையில் படிப்படியாக இறங்குகிற வயல்களைச் சாலையிலிருந்தே பார்க்கலாம், குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது, புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு அங்கே விளைவதுதான். மண் ஒட்டிய கேரட்டை வாங்கிக் கழுவிக் கொடுத்துப் பாருங்கள், வீட்டில் கேரட்டைத் தள்ளி வைக்கிற குழந்தைகூட நறநறவென்று கடிக்கும். மன்னவனூர் கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். அங்கே மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது, ரோமத்துக்காக வளர்க்கிற பாரத் மெரினோ ஆடுகள், முயல்கள் எல்லாம் உண்டு. உள்ளே விடுகிற நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். பக்கத்திலேயே ஏரி, பரிசல். மதியம் மூன்று மணி நேரத்துக்கு இதுவே தாராளம். நாலரைக்கெல்லாம் கேம்ப்புக்குத் திரும்பிவிடுங்கள்.

இப்போது இரவு. வெளிச்சம் இருக்கும்போதே படுக்கையை விரித்து, டார்ச் எங்கே, செருப்பு எங்கே என்று அவளுக்குக் காட்டிவிடுங்கள். முடிந்தால் அந்தப் பொறுப்பை அவளிடமே கொடுங்கள். ஆறரைக்குக் கேம்ப் ஃபயர். விறகு கேம்ப்காரர்கள் தருவதுதான், காட்டில் பொறுக்கக் கூடாது. நைலான் ஜாக்கெட்டில் ஒரு பொறி பட்டால் ஓட்டை விழும், அதனால் நெருப்புப் பக்கம் கம்பளி சால்வை போர்த்தி உட்காரவையுங்கள். ஏழு மணிக்குச் சூடாகச் சாதமும் ரசமும். பஃபே என்று ஒன்பது மணிக்குப் போடுகிற இடங்களில் குழந்தைகள் பாதித் தூக்கத்தில் ஆறின சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள், பார்க்கப் பாவமாக இருக்கும்.

எட்டு மணிக்கு நெருப்பை விட்டுத் தள்ளி வந்து மேலே பார்க்கச் சொல்லுங்கள். ஜனவரி நடுவில் அந்த நேரத்துக்குக் கார்த்திகைக் கூட்டம் கிட்டத்தட்ட உச்சியில் இருக்கும். எத்தனை எண்ண முடிகிறது என்று கேளுங்கள், சாதாரணமாக ஆறு தெரியும். முருகனை வளர்த்த ஆறு பேர் கதையை அங்கேயே சொல்லலாம், பகலில்தான் வேலப்பரைப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். அதற்குக் கொஞ்சம் கிழக்கே சிவப்பாக ரோகிணி, இன்னும் கிழக்கே மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கிற ஓரியன், அதன் ஓரத்தில் இன்னொரு சிவப்பு, அதுதான் திருவாதிரை. பஞ்சாங்கத்தில் கேட்ட பெயர்களெல்லாம் வானத்தில் நிஜமாகவே இருக்கின்றன என்பது குழந்தைகளுக்கு ஆச்சரியமாக இருக்கும். அவள் நட்சத்திரம் இதில் ஒன்றாக இருந்துவிட்டால் அன்றைக்குத் தூக்கமே வராது.

பிறகு உள்ளே போய்ப் பல்லாங்குழியோ தாயமோ சீட்டோ. போனில் படம் தரவிறக்கிக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்பேன். விளையாட்டு அலுத்ததும் சின்ன வயதில் நீங்கள் என்ன செய்தீர்கள், தாத்தா உங்களை அடிப்பாரா என்று அவளே ஆரம்பிப்பாள். வீட்டில் அந்தக் கேள்விகளுக்கு நேரமே இருப்பதில்லை. ஒன்பதரைக்குக் கடைசியாகப் பாத்ரூம் போய்வரச் செய்யுங்கள், வராது என்று சொன்னாலும். நடு ராத்திரி குளிருக்குப் பயந்து குழந்தைகள் அடக்கிக்கொண்டு படுத்திருப்பார்கள்.

ராத்திரியில் கேம்ப் எல்லையைத் தாண்டி நடக்காதீர்கள். அந்தப் பக்கமெல்லாம் காட்டெருமை சர்வசாதாரணமாக ரோட்டுக்கே வரும், மாடு மாதிரிதானே என்று பக்கத்தில் போகிற விஷயம் இல்லை. மன்னவனூர்ப் பக்கம் போன் சிக்னலை நம்பாதீர்கள், மனைவியிடம் முன்பே சொல்லிவிடுங்கள், கேம்ப்பின் எண்ணையும் கொடுத்துவிடுங்கள். நல்ல ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் கொடைக்கானலுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் வர வேண்டும் என்பதால் காய்ச்சல் மருந்து, ஓ.ஆர்.எஸ்., பேண்ட்-எய்ட் கையில் இருக்கட்டும்.

ஞாயிறு காலை ஆறரைக்கே எழுப்பிவிடுங்கள். உறைபனி விழுந்திருந்தால் புல் நுனியிலும் கார் கண்ணாடியிலும் வெள்ளையாக இருக்கும், வெயில் ஏறியதும் போய்விடும். குளியல் கிடையாது என்று அறிவித்துவிடுங்கள், உங்கள் மேல் அவளுக்கு மரியாதை கூடும். தலை பின்னத் தேங்காய் எண்ணெய் கொண்டுபோனால் கட்டியாகியிருக்கும், முதல் நாளே இறுக்கிப் பின்னிவிடச் சொல்லி மனைவியிடம் ஒப்படைப்பது நல்லது. உதட்டுக்கு வாசலின் போதும்.

பதினொன்றுக்குக் கேம்ப்பை விட்டுக் கிளம்பினால் வழியில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு இரண்டு மணிக்குள் மலை இறங்க ஆரம்பித்துவிடலாம். தாமதித்தால் மாலை மூடுபனியும் ஞாயிற்றுக்கிழமை வண்டிகளும் சேர்ந்துகொள்ளும், திங்கட்கிழமை பள்ளி வேறு.

கடைசியாக, 4 வயதுத் தம்பியையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த முறை வேண்டாம். ஏழு மணிக்கே அவன் தூங்க வேண்டும், தூக்கத்தில் படுக்கையை நனைத்தால் அந்தக் குளிரில் உலர்த்தவும் வழியில்லை. உங்கள் இரவு அவனைச் சுற்றியே போய்விடும், மகள் அவனுக்குக் காவல் இருப்பாள். அவனுக்குச் சிறுமலை போதும். திண்டுக்கல்லுக்குப் பக்கம், குளிரும் மிதம், காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அந்தப் பயணத்துக்கு அக்காவை வீட்டில் விட்டுவிட்டு அவனை மட்டும் கூட்டிப் போங்கள்.