வலியே இல்லங்கறாங்க, புண்ணும் ஆறல!

கேள்வி: அம்மாவுக்கு 68 வயசு, ரொம்ப வருஷமா சுகர். கண்புரை ஆபரேஷன் பண்ணி ஆறு வாரமாச்சு, கருவிழியில வந்த புண்ணு ஆறவே மாட்டேங்குது. வலியே இல்ல, எதுக்கு இத்தன சொட்டு மருந்துங்கறாங்க. இப்ப அவங்க ரத்தத்துலயே மருந்து செய்யலாம்னு டாக்டர் சொல்றார், பயமா இருக்கு. பக்கத்து பிளாக் ஆன்ட்டி நந்தியாவட்டைப் பூவ வைக்கச் சொல்றாங்க.
- வாசகி, ஈசூன்

பதில்: பூவ முதல்ல தூர வைங்கம்மா, தோல் உரிஞ்ச இடத்துல கிருமிய நாமளே கொண்டு போய் விட்ட மாதிரி ஆயிடும்.

வலி இல்லங்கறதுதான் எனக்கு உறுத்துது. கருவிழியில ஒரு சின்ன கீறல் விழுந்தாலே ஆளு துடிச்சுப் போயிடணும், ஆனா பல வருஷ சுகர்ல அங்க இருக்குற நரம்பு மரத்துப் போகும், ஆபரேஷன்ல கத்தி பட்ட இடத்துலயும் கொஞ்சம் அறுபடும், அந்த நரம்புதான் மேல்தோல் வளர தீனி போடுறது. அது சோர்ந்துட்டா சில நாள்ல மூட வேண்டியது வாரக்கணக்கா இழுக்கும், 2 வாரம் தாண்டினாலே டாக்டருங்க உஷாராயிடுவாங்க. மஞ்சக் கலர் சாயம் விட்டு நீல லைட் அடிப்பாங்கல்ல, தோல் போன இடம் மட்டும் பச்சையா மின்னும், அடுத்த தடவ அந்த பச்சை சுருங்கியிருக்கான்னு நீங்களும் கேளுங்க.

இன்னொண்ணு, சில சமயம் மருந்தே ஆற விடாது. பாட்டில் கெடாம இருக்க போடுற கெமிக்கல், சில வலிக்குறைப்பு சொட்டு ரெண்டுமே புண்ண இழுத்தடிக்கும். அதுக்காக நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க, எல்லா பாட்டிலையும் ஒரு பையில போட்டுட்டுப் போய் எது இனி வேணும்னு கேளுங்க. ராத்திரி கண்ணு முழுசா மூடுதா, ஏர்கான் காத்து நேரா மூஞ்சில அடிக்குதான்னும் பாருங்க.

ரத்த மருந்துக்கு பயப்பட ஒண்ணுமில்ல. கையில ரத்தம் எடுத்து உறைய விட்டு, சுத்துற மெஷின்ல போட்டா மேல தெளிஞ்சு நிக்கிற சீரத்த மட்டும் எடுத்து நீர்க்க வச்சு பாட்டில்ல அடைப்பாங்க, நம்ம கண்ணீர்ல இருக்குற வளர்ச்சிப் பொருள் பலதும் அதுல இருக்கு. கெமிக்கல் சேக்காததால சீக்கிரம் கெட்டுடும், பிரீஸர்லேந்து ஒண்ணொண்ணா எடுத்து ஆஸ்பத்திரில சொன்ன நாளுக்குள்ள முடிச்சுடணும். இதுலயும் அசையலன்னா புண்ணுக்குக் கட்டு மாதிரி கண்ணுல மாட்டுற பேண்டேஜ் லென்ஸ், வயித்துல குழந்தைய மூடியிருக்குற பனிக்குடச் சவ்வ புண்ணு மேல வைக்கறது, இமை ஓரத்த கொஞ்சம் தைக்கறதுன்னு வழி இருக்கு. அமெரிக்காவுல 2018ல நரம்பு வளர்க்கறதுக்குன்னே செனெஜெர்மின்னு ஒரு சொட்டுக்கு அனுமதி குடுத்தாங்க, தினம் 6 தடவ 8 வாரம், விலைதான் தல சுத்தும்.

கருவிழியில வெள்ளப்புள்ளி, சீழ், பார்வை திடீர்னு மங்கறது, இதுல எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போயிடுங்க, அம்மா வலிக்கலன்னு சொன்னாலும்.