மெழுகுவர்த்தி அணைந்த பிறகுதான் தண்ணீர் ஏறுகிறது

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். தண்ணீர் ஊற்றிய தட்டில் எரியும் மெழுகுவர்த்தியை நிறுத்திக் கண்ணாடிக் குவளையால் மூடினேன். “உயிர்வளி (ஆக்சிஜன்) தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறியது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு உயிர்வளி” என்று விளக்கினேன். ஒரு மாணவி மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பார்த்தாள். தண்ணீர் இன்னும் உயரே ஏறிவிட்டது. “மூணு வெச்சா உயிர்வளி கூடுமா டீச்சர்?” என்று கேட்கிறாள். பள்ளிக்கு வந்த விற்பனையாளர் ஒருவர், குவளை சரியில்லை என்று சொல்லி 380 ரிங்கிட்டுக்கு ஒரு செட் காட்டுகிறார். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் தரத் தயார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் குவளையில் ஒரு குறையும் இல்லை. தவறு விளக்கத்தில் இருக்கிறது. அந்த விளக்கம் பயிற்சி நூல்களில் ஆண்டுக்கணக்காக அப்படியே அச்சாகி வருகிறது.

அடுத்த பாடவேளையில் அதே பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். இந்தத் தடவை பிள்ளைகளிடம் இரண்டு இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். குவளையை இறக்கும்போது அதன் விளிம்பிலிருந்து குமிழிகள் வெளியேறுகின்றனவா? தண்ணீர் எந்த நேரத்தில் ஏறுகிறது? சுடர் எரியும்வரை தண்ணீர் அசையாமல் கிடக்கும். சுடர் மங்கி அணைந்த பிறகுதான் குபுகுபுவென்று ஏறும். உயிர்வளி தீர்ந்து ஏறுவதாக இருந்தால், எரிய எரியக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்க வேண்டும் அல்லவா?

நடப்பது இதுதான். சுடரைச் சுற்றியுள்ள காற்று சூடாகி விரிகிறது. விரிந்த காற்றில் ஒரு பகுதி, குவளை மூடும் முன்னும் மூடும்போதும் வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. 90 பாகை சூட்டில் இருந்த காற்று 30 பாகைக்குக் குளிர்ந்தால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்கும். அது ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வந்து நிற்பது தற்செயல். இத்தனை பேரை ஏமாற்றியது அந்தத் தற்செயல்தான். மூன்று மெழுகுவர்த்தி என்றால் சூடு அதிகம், வெளியேறும் காற்றும் அதிகம், ஆகவே தண்ணீர் இன்னும் மேலே போகிறது. உங்கள் மாணவி கண்டது அதைத்தான்.

உயிர்வளி கொஞ்சம் செலவாவது உண்மை. ஆனால் சுடர் அணையும் நேரத்தில் உள்ளே நூற்றுக்கு ஏறத்தாழ 16 பங்கு உயிர்வளி மிச்சம் இருக்கும். செலவானதற்கு ஈடாகக் கரிவளியும் (கார்பன் டை ஆக்சைடு) உருவாகிவிடுகிறது. எரிவதால் மட்டும் குறையும் காற்று நூற்றுக்கு ஓரிரு பங்குதான்.

இப்போது அந்த செட். ஐந்தில் ஒரு பங்கு உயரத்தில் கோடு போட்ட குவளையும் அளவெடுத்த மெழுகுவர்த்தியும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். திரியின் நீளமும் குவளையின் அகலமும் பொருந்திவிட்டால் தண்ணீர் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிடும். அது விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பிறகு போடும் வேலை. யார் விற்க வந்தாலும், “மூன்று மெழுகுவர்த்தி வைத்துக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். செய்து காட்டத் தயங்கினால் வழியனுப்பிவிடுங்கள். தோட்டத்துப் பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த சங்கப் பணம் கோடு போட்ட கண்ணாடிக்குப் போகக் கூடாது.

காற்றில் உயிர்வளி எவ்வளவு என்று காட்ட இரும்புத் துரு போதும். பட்டணத்து இரும்புக்கடையில், மரச்சாமான் தேய்க்க வைத்திருக்கும் ஸ்டீல் வுல் கேளுங்கள். மெல்லிய இழையாக வாங்குங்கள். நான்கு சுழியம் போட்டது நல்லது. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள இரண்டு சோதனைக்குழாய்கள் வேண்டும். கோப்பிக்கடைக் குவளை வாய் அகன்று அடி குறுகியிருப்பதால் உதவாது. அளவு உருளையும் வேண்டாம். அதில் 100 என்ற கோட்டுக்கு மேலேயும் இடம் இருக்கும், கணக்கு கெட்டுவிடும். குழாயின் நீளத்துக்குக் காகிதப் பட்டை வெட்டி, ஐந்து சம பாகமாகக் கோடு போட்டு வெளியே ஒட்டுங்கள்.

ஒரு கிராம் அளவு ஸ்டீல் வுல்லைப் பிய்த்து, சவர்க்காரத் தண்ணீரில் அலசி எண்ணெய் போக்குங்கள். பிறகு சமையல் வினிகரில் ஒரு நிமிடம் ஊறவைத்து, தண்ணீரில் ஒருமுறை அலசி, நன்றாக உதறுங்கள். இந்த அலசலை விட்டுவிடாதீர்கள். வினிகர் தங்கினால் அது இரும்போடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும், அந்த வாயு ஏறும் தண்ணீரைக் கீழே தள்ளும். ஈர இழையைக் குழாயின் அடியில் தளர்வாகச் செருகி, தண்ணீர்க் கிண்ணத்தில் கவிழ்த்து நிறுத்துங்கள். இறுக்கி அடைத்தால் உள் இழைக்குக் காற்று போகாது. இரண்டாவது குழாயை வெறுமனே கவிழ்த்து வையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க. மறுநாள் அதே மணிக்குப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு வைத்ததை வெயில் ஏறிய மதியத்தில் பார்த்தால், சூட்டில் காற்று விரிந்து அளவைக் கெடுக்கும்.

பலருக்கு இது நடக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கடையில் பாத்திரம் தேய்க்கும் சுருளை வாங்கிவிடுகிறார்கள். பளபளவென்று தட்டையான சுருளாக இருப்பது துருப்பிடிக்காத எஃகு. ஒரு மாதம் வைத்தாலும் தண்ணீர் ஒரு விரல்கூட ஏறாது. சவர்க்காரம் ஊட்டிய பஞ்சும் வேண்டாம். சந்தேகம் வந்தால் காந்தத்தைக் காட்டுங்கள், ஒட்ட வேண்டும். ஆனால் சில துருப்பிடிக்காத எஃகு வகைகளும் காந்தத்தில் ஒட்டும். அதனால் முதல் நாள் இரவே ஒரு துண்டை வினிகரில் நனைத்துத் தட்டில் வையுங்கள். காலையில் செம்பழுப்பு நிறம் கண்டால் மட்டுமே வகுப்புக்குக் கொண்டுபோங்கள்.

வினிகர் விஷயத்தில் மிகக் கவனம் வேண்டும். மலாயில் வினிகருக்குச் சூக்கா என்று பெயர். “வீட்டிலிருந்து சூக்கா கொண்டு வாங்க” என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். பால்மரம் வெட்டும் வீடுகளில் ‘சூக்கா கெத்தா’ என்ற புட்டியும் இருக்கும். அது ரப்பர் பாலை உறையவைப்பது. உள்ளே இருப்பது அடர்த்தியான ஃபார்மிக் அமிலம், சில புட்டிகளில் கந்தக அமிலம். தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், வாயில் பட்டால் உயிருக்கு ஆபத்து. பழைய பான புட்டியில் ஊற்றி வைத்திருந்தால் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. ‘சூக்கா மாக்கான்’ (சமையல் வினிகர்) என்று எழுதிய புட்டியைக் கடையிலிருந்து நீங்களே வாங்கி வாருங்கள். அந்த ரப்பர் அமிலம் தவறிப் பட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் நிறைய நேரம் கழுவியபடியே உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

“பழைய விடையைத்தானே வினாத்தாள் கேட்கிறது?” என்பீர்கள். 2003இல் அறிவியலை ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். 2009இல் அதைக் கைவிட முடிவெடுத்தார்கள். 2021இல் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வே போய்விட்டது. இத்தனை மாற்றத்திலும் இந்த மெழுகுவர்த்தி விளக்கத்தைத் திருத்த ஒருவருக்கும் நேரம் வரவில்லை. உற்றறிதல், ஊகித்தல் என்று தேர்ச்சி நிலை போடச் சொல்கிறார்கள். ஒரு பிள்ளை உண்மையாகவே உற்றறிந்து கேள்வி கேட்டால், அதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. உங்கள் மாணவிக்கு அந்தத் திறனில் உயர்ந்த நிலையைத் தயங்காமல் போடுங்கள். அவளுடைய மூன்று மெழுகுவர்த்திப் படத்தையும் கோப்பில் ஆதாரமாக இணையுங்கள்.

துருக்குழாயில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குக் கோட்டின் பக்கத்தில் நின்றதும், இன்னும் ஒரு நாள் விட்டுவையுங்கள். அதற்கு மேல் ஏறாது. பிறகு தண்ணீருக்குள்ளேயே குழாயின் வாயைக் கட்டைவிரலால் மூடி நிமிர்த்தி, எரியும் குச்சியை நீங்களே உள்ளே விட்டுக் காட்டுங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் நைட்ரஜன், குச்சி உடனே அணையும். வெறுங்குழாயையும் அதேபோல் எடுத்து விடுங்கள். அதில் குச்சி சற்று நேரம் எரியும்.