கேளுங்க அக்கா: சிலோன் போகலாமா, வேண்டாமா?

கேள்வி: அக்கா, மே கடைசியில குடும்பத்தோட சிலோன் போகலாம்னு மதுரையில இருந்தே கொழும்புக்கு அஞ்சு டிக்கெட் பார்த்து வச்சிருக்கோம். நான், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, 67 வயசு அத்தை, அவங்களுக்கு சுகர், இன்சுலின் போடுறாங்க. பகல்ல கொழும்ப சுத்திட்டு அன்னைக்கு ராத்திரியே வேன்ல நுவரெலியா, அப்புறம் சீதை கோயில், கண்டி, கடைசியா பெந்தோட்டை பீச்ல பசங்க ரெண்டு நாள் ஆட்டம் போடணுமாம். எங்கம்மா மேலூர்ல இருந்து தெனம் போன் போட்டு, அது குண்டு வெடிச்ச ஊருடி, வம்ப வெலைக்கு வாங்காதன்னு அழுகுறாங்க. வீட்டுக்காரர் சிரிக்கிறார். எனக்குத்தான் தூக்கம் வரல. போகலாமா?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: போங்க. ஆனா இந்த பிளான்ல போகாதீங்க.

அம்மா ஒண்ணும் பொய் சொல்லல. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் அன்னைக்கு சர்ச்லயும் கொழும்பு ஹோட்டல்லயும் குண்டு வெடிச்சு 250 பேருக்கு மேல செத்தாங்க. 2022ல பெட்ரோலுக்கு நாள்கணக்கா கியூ, ஜனாதிபதியே நாட்ட விட்டு ஓடுனார். சண்டை முடிஞ்சதே 2009 மே மாசம்தான். அம்மா மனசுல இது அம்புட்டும் நேத்து நடந்த மாதிரி கலந்து கெடக்கு, அதுக்குப் போயி சிரிச்சா எப்படி, வீட்டுக்காரர மொதல்ல அத நிறுத்தச் சொல்லுங்க. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி கொழும்புல இருக்க நம்ம இந்திய ஹைகமிஷன் ஏதாச்சும் எச்சரிக்கை போட்டிருக்காங்களான்னு பாருங்க, வாட்ஸ்அப்ல வர்ற ஃபார்வர்டு வேணாம். அப்படி ஏதாச்சும் இருந்தா தள்ளிப் போடுற மாதிரி டிக்கெட் எடுங்க, நூறு எரநூறு கூட ஆனாலும் பரவால்ல.

எனக்கு வயித்தக் கலக்குனது நீங்க ஒரு வரியில சொல்லிட்டுப் போன அந்த ராத்திரி வேன்தான். 2025 மே 11 விடியக்காலையில, அதே நுவரெலியா பக்கம் கொத்மலையில ஒரு பஸ் பள்ளத்துல உருண்டு 20 பேருக்கு மேல போயிட்டாங்க. நானும் இதே தப்ப பண்ணவதான். றம்பொடை வளைவுங்க, மழை, டிரைவர் தூக்கத்த வெரட்ட ஜன்னலத் தொறந்து தொறந்து மூஞ்சில சாரல் வாங்கிக்கிறார், எங்க மாமியார் முன்சீட்டு கம்பிய பிடிச்சவங்க பிடிச்சபடி கந்தசஷ்டி கவசத்த மூணாவது ரவுண்டு ஆரம்பிச்சுட்டாங்க. லைட்டு வெளிச்சத்துல ஒரு போர்டு, "அவதானம்"னு, அங்க அதுக்கு ஜாக்கிரதைன்னு அர்த்தம், டிரைவர் அதப் பார்த்தாரான்னு கூட எனக்குத் தெரியல. கொழும்புலயே ஒரு ராத்திரி தங்கி, காலைல சாப்பிட்டுட்டு பைய கிளம்புங்க.

நம்மள தேடி மதுரைக்கு வந்தவங்க கதை ஞாபகம் இருக்கா? 2023 ஆகஸ்ட்ல நம்ம ஸ்டேஷன் யார்டுல நின்ன டூரிஸ்ட் ரயில் பெட்டி தீப்பிடிச்சு 9 பேர் செத்தாங்க, லக்னோ பக்கத்து ஆளுங்க. அவங்க ஊர்லயும் யாராச்சும் ஒரு அம்மா அவ்வளவு தூரம் எதுக்குன்னு பயந்திருப்பாங்க, ஆனா எமனா வந்தது கூடவே ஏத்திட்டு வந்த சிலிண்டர்.

அடுத்தது கடல். மே கடைசியில தென்மேற்குப் பருவமழை தொடங்கிரும், பெந்தோட்டை, காலி பக்கமெல்லாம் அலை முரட்டுத்தனமா இருக்கும், நம்மூரு பசங்க வைகையில கணுக்கால் தண்ணி பார்த்தவங்க, வேணாம். அந்த சமயத்துல கிழக்குக் கரைதான் அமைதி. கண்டியில இருந்து திருகோணமலை போயிருங்க, நிலாவெளி பீச்சும் ஆச்சு, அத்தைக்கு கோணேஸ்வரம் சிவன் கோயிலும் ஆச்சு. அங்கயும் சிவப்புக் கொடி கட்டியிருந்தா பசங்க எவ்வளவு அழுதாலும் தண்ணில விடாதீங்க.

அத்தையோட இன்சுலின் கைப்பையில இருக்கணும், லக்கேஜ்ல போட்டு அனுப்பக்கூடாது, டாக்டர் சீட்டும் கூட. டிராவல் இன்சூரன்ஸ் எடுக்குறப்ப சுகர் இருக்குறத மறைக்காம எழுதுங்க, பிரீமியம் கொஞ்சம் ஏறும், மறைச்சா கிளெய்ம் அப்ப கைய விரிச்சுருவான். அங்க 1990 அடிச்சா ஆம்புலன்ஸ் ஃப்ரீயா வரும், 2016ல நம்ம அரசாங்கம் குடுத்த காசுல ஆரம்பிச்ச சர்வீஸ்தான், போலீசுக்கு 119.

இந்த ரெண்டு நம்பர், தங்குற ஹோட்டல் பேரு, வேன் டிரைவர் நம்பர் எல்லாத்தையும் ஒரு தாள்ல பெருசா எழுதி மேலூர் வீட்டு காலண்டர் பக்கத்துல ஒட்டிட்டு வாங்க. தெனம் ராத்திரி எட்டு மணிக்கு போன் பண்றேன்னு சொல்லுங்க, சொன்னா பண்ணவும் பண்ணுங்க, எட்டரை ஆச்சுன்னா அவங்க டிவிய போட்ருவாங்க.